கீழே இழுத்தால் நிற்கும்

என் அத்தை புருஷன் பொய் சொல்கிறார். நாற்பது வருஷமாக அதே பொய்யைச் சொல்கிறார். எங்கள் சுரங்க ஊரான ஊரிகத்தில் அதைக் கேட்காத ஆள் இல்லை.

கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து, கோயில் கூடத்தில் எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது ஆரம்பித்து வைப்பார்கள். “பட்லர் தாத்தா, அந்த மோட்டார் வண்டி கதைய எடுத்து வுடுங்க.” மாமா மீசையைத் துடைத்துக்கொண்டு எடுத்து விடுவார். துரையின் பழைய மோட்டாருக்கு அவருடைய மச்சான் வயர் மாற்றிய கதை. மச்சான் தெரியாத்தனமாகச் சுவிட்சைத் தலைகீழாக மாட்டிவிட்டாராம். நிறுத்தப் போனால் வண்டி ஓடிற்றாம். தப்பு வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து, ஓடுகிற வண்டியில் ஏறி வயரையெல்லாம் பிய்த்து எறிந்தாராம். சொல்லும்போது மாமா கையை உதறிக் காட்டுவார். கூடமே சிரிக்கும்.

அந்த மச்சான் என் அப்பா. அவர் செத்து வெகுகாலம் ஆகிறது. போன கிறிஸ்துமஸில் என் பேரன் அந்தக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தான். ஏழு வயதுப் பிள்ளை. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வண்டியில் நான் இருந்தேன்.

காவேரிக் கரண்ட் தங்க வயலுக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. அப்பாவுக்குச் சுரங்கக் குழியில், ஷாப்டில், பெல் கம்பி வேலை. சுரங்கத்துக்குள் ஒவ்வொரு லெவலிலிருந்தும் மேலே இஞ்சின் வீட்டுக்கு மணிக் கம்பி போகும். கீழே இருப்பவன் கம்பியை இழுப்பான், மேலே மணி அடிக்கும். எத்தனை அடி என்று எண்ணித்தான் டிரைவர் ஆள் ஏறும் கூண்டை, கேஜை, ஏற்றுவான், இறக்குவான். ஓடுகிற கேஜை நிறுத்த ஒரே இழுப்பு. கம்பி அறுந்தால் அப்பா கேஜின் கூரைமேல் நின்று, இருட்டில் தொங்கிக்கொண்டே போய்க் கட்டிவிட்டு வருவார். கரண்ட் மணி வந்தபிறகு அதற்கும் வயர் இழுக்கக் கற்றுக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. படிப்பு இல்லை. ஆனால் அவர் கட்டிய கம்பியை நம்பித்தான் ஒவ்வொரு ஷிப்டும் கீழே இறங்கியது.

மாமா சின்ன துரை பங்களாவில் பட்லர். வெள்ளைக் கோட்டு, இடுப்பில் சிவப்புப் பட்டை. இங்கிலீஷ் பேசுவார். கூலிக்காரர் குடியிருப்பான எங்கள் லைனில் அவர் நடந்து வந்தால் ஆட்கள் பீடியை மறைப்பார்கள். துரைக்குச் சொல்ல வேண்டியது எதுவானாலும் மாமா வாய் வழியாகத்தான் போகும். துரை சொல்வதும் அவர் வாய் வழியாகத்தான் வரும்.

சின்ன துரை பெங்களூரில் ஒரு மோட்டார் வாங்கினார். சீமைக்குத் திரும்பிப் போன யாரோ விற்றுவிட்டுப் போனது. ரயிலில் வந்து, மாடு கட்டி இழுத்துத்தான் பங்களா சேர்ந்தது. ஓடவில்லை. உள்ளே வயரையெல்லாம் எலி கடித்திருந்தது. எலி விட்டதை வெயில் தின்றிருந்தது. தொட்டால் ரப்பர் பொருபொருவென்று உதிரும். கிளப்பில் மற்ற துரைகள் கேலி செய்தார்களாம், மாடுதான் இழுக்க வேண்டுமென்றால் மாட்டு வண்டியே வாங்கியிருக்கலாமே என்று. அந்தக் கோபத்தில் துரை யாராவது வயர்காரனைக் கொண்டு வா என்று கத்த, மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“மச்சான், ஷாப்டுல கம்பி கட்றவனுக்கு வண்டியில கம்பி கட்ட தெரியாதா இன்னா? என் பேர காப்பாத்து.”

“மோட்டார நான் கண்ணால பார்த்ததே இல்ல மச்சான்.”

“இப்ப பார்த்துக்கோ.”

அப்பா போனார். லைனில் அப்போது பிளேக் பயம். இரண்டு வீடு தள்ளி ஒரு சாவு. பள்ளிக்கூடத்தை மூடியிருந்தார்கள். மேட்டுமேல் காற்று நல்லது என்று அம்மா என்னையும் அப்பாவோடு அனுப்பிவிட்டாள். நான் ஒன்பது வயதுச் சிறுமி.

பங்களாவுக்குப் பின்னால் குதிரைக் கொட்டகையில் வண்டி நின்றது. எனக்கு அதைப் பார்க்கவே பயம். முன்பக்கம் மரப்பலகையில் ஒரு பெட்டி. பேட்டரியிலிருந்து வயர் கொடுத்தால் அந்தப் பெட்டிக்குள் வண்டு அடைபட்ட மாதிரி ரீங்காரம் கேட்கும். அங்கிருந்து ஒரு தடித்த வயர் இஞ்சினுக்குப் போகும். அதில்தான் பொறி போகிறது என்று அப்பா சொன்னார். முதல் நாள் அந்த வயரை அவர் வெறும் கையால் தொட்டுவிட்டார். யாரோ எட்டி உதைத்த மாதிரி வைக்கோல்மேல் போய் விழுந்தார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. நான் அலறினேன். அவர் எழுந்து, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஷாப்டு கரண்டு மாதிரி இல்ல, இது வேற சாதி” என்றார். அன்று முழுக்க என்னை வண்டிப் பக்கம் விடவில்லை.

ஐந்து நாள் வேலை. பழைய வயர் ஒவ்வொன்றையும் கழற்றி, எது எங்கிருந்து எங்கே போகிறது என்று தரையில் கரியால் கோடு போட்டு வைத்தார். புது வயர் துரை எழுதிக் கொடுத்து ஸ்டோரிலிருந்து வந்தது. பொறி போகிற வயருக்குமேல் ரப்பர் குழாய் போட்டு, அதற்குமேல் துணி நாடா சுற்றினார். எல்லாம் முடிந்தபோது சுவிட்ச் ஒன்று பாக்கி. பழைய சுவிட்சில் கைப்பிடி தவிர மற்றதெல்லாம் எரிந்து போயிருந்தது. அப்பா ஷாப்ட் மணிக்குப் போடுகிற மாதிரி ஒரு சுவிட்சைப் பலகையில் முடுக்கினார்.

இங்கேதான் விஷயம். பழைய சுவிட்சில் கைப்பிடியை மேலே தள்ளினால் இஞ்சின் நிற்கும். கீழே இறக்கினால் ஓடும். சீமையில் துரை ஓட்டிப் பழகிய வண்டியும் அப்படித்தானாம். அப்பா தெரியாமல் மாற்றவில்லை. யோசித்து மாற்றினார். கீழே இழுத்தால் நிற்கிற மாதிரி முடுக்கினார். ஷாப்டில் ஆபத்து என்றால் கம்பியைக் கீழே இழுப்பார்கள். எல்லா லெவலிலும் அதுதான் வழக்கம். மயக்கம் போட்டு விழுகிறவன் கைகூடக் கீழேதான் விழும், மேலே போகாது என்று எனக்கு விளக்கினார். ஆபத்தில் மேலே தள்ளச் சொல்கிற சுவிட்சை எந்த முட்டாள் செய்தான் என்று அந்தச் சீமைக்காரனைத் திட்டவும் செய்தார். துரைகளும் ஷாப்டில் இறங்குகிறவர்கள்தானே, அவர்கள் கையும் அப்படித்தான் பழகியிருக்கும் என்று நினைத்தார். துரைகள் கேஜில் நிற்பார்களே தவிர கம்பியை இழுப்பதில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. அது அவர் தப்பு. நான் மறைக்கவில்லை.

ஆனால் அதைச் சொல்லாமல் விடவில்லை. ஆறாம் நாள் சாயங்காலம் துரை தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். கிளப்புக்கு வண்டியிலேயே போய் இறங்க வேண்டும் என்று அவசரம். அப்பா கை கட்டி நின்று மாமாவிடம் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

“மச்சான், தொரை கிட்ட நல்லா சொல்லு. சுவிட்ச மாத்திட்டேன். மேல இருந்தா ஓடும். நிறுத்தணும்னா கீழ இழுக்கணும். பழைய பழக்கத்துல மேல தள்ளிட போறாரு. ரெண்டு தடவ இழுத்து பார்த்துட்டு அப்புறம் ரோட்டுக்கு போக சொல்லு.”

மாமா துரை முகத்தைப் பார்த்தார். துரை சாட்டையால் பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தார். மாமா இங்கிலீஷில் சொன்னார். “ஆல் கரெக்ட் சார். வெரி குட் சார்.”

அவ்வளவுதான்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. டீச்சர் தினமும் ஸ்டாண்ட் அப், சிட் டவுன் என்று கத்துவாள். மேலே என்றால் அப், கீழே என்றால் டவுன். மாமா சொன்னதில் அப்பும் வரவில்லை, டவுனும் வரவில்லை. அவர் கோட்டைப் பிடித்து இழுத்தேன். “மாமா, அப்பா சொன்னத நீங்க சொல்லல.” அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே என் புஜத்தில் கிள்ளினார். சட்டைக்குமேல் கிள்ளியும் ரத்தம் கட்டியது.

துரைக்கு நல்ல மூடு வந்துவிட்டது. சிரித்தார். என்னைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டார். மாமாவை என் பக்கத்தில் உட்காரச் சொன்னார். முன்னால் துரைக்குப் பக்கத்தில் அவருடைய நாய் ஏறிக்கொண்டது. வண்டி நின்றுவிட்டால் தள்ளுவதற்கு அப்பா பின்னாலேயே ஓடி வர வேண்டும் என்று உத்தரவு. அப்பா சுவிட்சை மேலே தூக்கி வைத்து, முன்னால் போய் இஞ்சின் கைப்பிடியைச் சுற்றினார். நாலாவது சுற்றில் இஞ்சின் வெடித்துக் கிளம்பியது. அப்பா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இறங்கிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எப்படி இறங்குவது? துரை தூக்கி உட்கார வைத்த இடம். கேட் தாண்டும்போதே சீட்டின் தோலை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தேன்.

பங்களா மேட்டிலிருந்து ரோடு ஒரே இறக்கம். கீழே சுரங்கத்து டிராம் தண்டவாளம் குறுக்கே போகும். தங்கக் கல் ஏற்றிய டிரக்குகள் அதில் அரவை மில்லுக்குப் போய்க்கொண்டே இருக்கும் நேரம். பாதி இறக்கத்தில் வண்டி வேகம் எடுத்தது. துரை காலால் எதையோ மிதித்தார். கிரீச் என்று சத்தம் வந்தது, வேகம் குறையவில்லை. கை சுவிட்சுக்குப் போனது. மேலே தள்ளினார். அது ஏற்கனவே மேலேதான் இருந்தது. இன்னும் அழுத்தித் தள்ளினார். இஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. அவர் கழுத்து சிவந்தது. உள்ளங்கையை அதில் முட்டுக் கொடுத்துத் தள்ளினார். நாய் குரைத்துவிட்டு வெளியே குதித்தது. அதற்கு இருந்த புத்தி எங்களுக்கு இல்லை.

நான் கத்தினேன். “கீழ! கீழ இழுங்க! கீழ!” தொண்டை கிழியக் கத்தினேன். தமிழில் கத்தினேன். டவுன் என்ற வார்த்தை எனக்குத் தெரியும். தினமும் கேட்ட வார்த்தை. அந்த நிமிஷம் அது என் தலையில் இல்லை. துரை திரும்பிப் பார்த்து ஏதோ அதட்டினார். குழந்தை பயத்தில் கத்துகிறது என்று நினைத்திருப்பார்.

என் பக்கத்தில் இங்கிலீஷ் தெரிந்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு வார்த்தை போதும். அவர் கண்ணை மூடிக்கொண்டு “யேசப்பா, யேசப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் தொடையில் அடித்தேன். “மாமா, சொல்லுங்க மாமா!” அவர் கண்ணைத் திறக்கவில்லை.

ரோடு வளைகிற இடத்தில் கத்தாழைப் புதரைப் பிளந்துகொண்டு அப்பா வந்தார். குறுக்கே இறங்கி ஓடி வந்திருக்கிறார். காலெல்லாம் ரத்தம். வண்டிப் படியில் தாவி ஏறி, பலகையைப் பிடித்துக்கொண்டார். “கீழ இழுங்க தொரை!” சுவிட்சின் மேல் துரையின் கை இருந்தது. அந்தக் கையைத் தட்டிவிட்டால் முடிந்தது. அப்பாவின் கை அதுவரைக்கும் போனது. நான் பார்த்தேன். ஒரு சாண் தூரத்தில் நின்றது. துரை கையைத் தொட அவருக்குக் கை வரவில்லை.

கீழே டிரக்குகள் வந்துகொண்டிருந்தன.

அப்பா அந்தத் தடித்த வயரைப் பிடித்தார். ஐந்து நாள் முன்னால் தன்னைத் தூக்கி எறிந்த வயர். பெட்டியோடு சேர்த்துப் பிடுங்கினார். நீல வெளிச்சம் ஒன்று அடித்தது. அப்பா உதறி விழுந்தார். இஞ்சின் சத்தம் நின்றது. பின் சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியது. எனக்குக் கீழே, என் சீட்டுக்குக் கீழே, அதை உணர்ந்தேன். வண்டி இழுத்துக்கொண்டே போய், தண்டவாளத்துக்கு நாலு முழம் முன்னால் நின்றது. கல் டிரக்குகள் எங்கள் முகத்துக்கு நேராகக் கடந்து போயின. எண்ணினேன். ஒன்பது டிரக்.

அப்பாவின் வலது கையில் மூன்று விரல் போயிற்று.

மூன்றாம் நாள் பங்களா வராந்தாவில் விசாரணை. பெரிய துரை ஒருவர் வந்திருந்தார். அப்பா கட்டுப் போட்ட கையோடு படிக்குக் கீழே நின்றார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துரை பார்த்தது இதுதான்: சுவிட்ச் வேலை செய்யவில்லை, வயர்காரன் ஓடி வந்து பிய்த்து எறிந்தான். உனக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று கேட்டார்கள். கேட்டதும் மாமா வாய் வழியாகத்தான்.

அப்பா சொன்னார். நிதானமாக, முழுசாகச் சொன்னார். என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், யாரிடம் எப்படிச் சொல்லச் சொன்னேன் என்று எல்லாம். மாமா நெற்றியில் வேர்வை. அப்பா முடித்ததும் மாமா துரைகள் பக்கம் திரும்பினார்.

“ஹி சே சாரி சார்.”

சாரி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வாய் திறந்தேன். அப்பாவின் இடது கை என் தலைமேல் வந்து அழுத்தியது. மூடிக்கொண்டேன். என் பயம் அப்போதுதான் உச்சத்துக்குப் போனது. வண்டியில் போனதைவிட. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவர் பேசியது போய்ச் சேரவில்லை என்று அவருக்குத் தெரியவே தெரியாது, தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான் என்று நினைத்தேன். ஒன்பது வயதில் அதைச் சுமக்க முடியவில்லை. ராத்திரியெல்லாம் காய்ச்சல் அடித்தது. பிளேக் என்று அம்மா பயந்துபோனாள்.

வேலை போயிற்று. லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பேட்டையில் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனோம். சாமான் கட்டுகிற அன்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, “வாய மூடினு இரு” என்றாள். அதே கையோடு ஒரு தூக்கில் கறிக் குழம்பு ஊற்றி, அத்தை வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். நான் அதை வழியில் கொட்டிவிடலாமா என்று பார்த்தேன். அடி விழும் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

புது வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். மாமா உங்களை ஏமாற்றிவிட்டார், நீங்கள் சொன்ன எதையும் அவர் சொல்லவில்லை என்று.

அப்பா “ரெண்டு நாளும் எனக்கு தெரியும்டி” என்றார். “நான் இம்மாம் நீளமா சொன்னேன், அவன் நாலு வார்த்த சொன்னான். மணி எண்ணி பொழச்சவன். எனக்கு எண்ண தெரியாதா?”

“அப்ப அன்னிக்கே ஏன் என்ன வண்டியில ஏத்த வுட்டீங்க?”

“தொரைங்க பாஷையில அந்த நாலு வார்த்தையே போதும் போலன்னு நினைச்சேன். அது ஒண்ணுதான் எனக்கு தெரியாம போச்சு.”

“விசாரணையில ஏன் சொல்லல?”

அத்தை எப்படி இருக்கிறாள், எழுந்து நடக்கிறாளா என்று கேட்டார். நான் கோபத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். அப்பா ஒரு பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டினேன். வெகு வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தைக்கு அப்போது ஏழாம் மாசம். ஏற்கனவே மூன்று பிள்ளை. அவர்கள் இருந்தது பங்களாவின் பின்கட்டில். மாமா வேலை போனால் அன்றைக்கே அவர்களும் தெருவில். அப்பா தன் தங்கையை எண்ணினார், என் அம்மாவும் எண்ணினாள். எனக்கு அந்தக் கணக்கு அப்போது தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இங்கிலீஷில் நாலு வார்த்தை. அதைத் தெரிந்துகொண்டு எல்லாம் தெரிந்தவள் மாதிரி என் அப்பாவை வெறுத்தேன்.

அத்தை இருந்தவரை நானும் பேசவில்லை. இந்த லெந்து உபவாச நாட்களில் அவளை அடக்கம் செய்தோம். இனி இதைச் சொன்னால் உடைகிற வீடு எதுவும் இல்லை.

மாமா, நீங்கள் பயந்தீர்கள். அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பூட்ஸ் தட்டுகிற துரைக்கு முன்னால், அவர் சுவிட்சை ஒரு கூலிக்காரன் மாற்றிவிட்டான் என்று சொல்லப் பயம். அன்றைக்கு அந்த மேட்டில் பயப்படாதவர்கள் யாரும் இல்லை. நானும் பயந்தேன். அப்பாவும் பயந்தார், ஒரு கையைத் தட்டிவிடக்கூட. ஆனால் அதற்கப்புறம் நாற்பது கிறிஸ்துமஸ் வந்தது. எந்தத் துரையும் உங்கள் பக்கத்தில் இல்லை. துரை ஊருக்கே போய்விட்டார். யாருக்குப் பயந்து அந்தக் கதையைச் சொல்கிறீர்கள்? விரல் போனவரை எதற்குச் சிரிப்பாக்குகிறீர்கள்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு வாசிக்கிற இடத்தில் எழுந்து நில்லுங்கள். உங்களால் நிற்க முடியும், வெற்றிலை வாங்க எழுந்து நிற்கிறீர்கள். என் அப்பா உங்களிடம் சொல்லச் சொன்னது என்ன என்று தமிழில் சொல்லுங்கள். நீங்கள் துரையிடம் சொன்னது என்ன என்று இங்கிலீஷில் சொல்லுங்கள். இப்போது சபையில் பாதிப் பேருக்கு இரண்டும் தெரியும். நடுவில் ஆள் வேண்டாம். அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.